சங்கக் கம்ப்யூட்டருக்கு எத்தனை சாவி?

(காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வங்கியில் ஸ்ட்ராங் ரூம் சாவி இரண்டு பேரிடம் இருக்கும். ஒருவராகத் திறக்க முடியாது. லீவு போட்டால் ரெஜிஸ்டரில் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் சாவி கைமாறும். கம்ப்யூட்டர் வந்த பிறகும் அதே கதைதான்: ஒருவர் பதிவார், இன்னொருவர் தம் பாஸ்வேர்டில் நுழைந்து பாஸ் செய்வார். 2018இல் வெளிவந்த பஞ்சாப் நேஷனல் வங்கி மோசடியில், ஸ்விஃப்ட் பாஸ்வேர்டு வேறு கைகளுக்குப் போனதாக விசாரணையில் அடிபட்டது நினைவிருக்கும்.

நம் சங்க அலுவலகத்தில் பொருளாளர், கணக்கு எழுதுபவர், தண்ணீர் லாரி வரவு பதியும் வாட்ச்மேன் மூவருக்கும் ஒரே பாஸ்வேர்டு. மானிட்டரில் ஒட்டியும் இருக்கிறது! நாளை ஒரு பராமரிப்பு ரசீது காணாமல் போனால் யார் கை என்று மெஷின் சொல்லாது. பழி மூவர் மேலும் விழும். அதிலும் வாட்ச்மேன் மேல்தான் முதலில் விழும்.

விண்டோஸில் ஆளுக்கொரு கணக்கு திறக்கச் செலவே இல்லை. டேலியிலும் அப்படியே, எடிட் லாக் வசதி இருந்தால் திருத்தியவர் பெயரும் தெரியும். அட்மின் கணக்கு செயலாளரிடம் மட்டும் இருக்கட்டும்.

மாதாமாதம் பாஸ்வேர்டு மாற்ற வேண்டும் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. காவிரி1 போய் காவிரி2 வரும், அவ்வளவுதான். அமெரிக்கத் தரநிலை நிறுவனமான நிஸ்ட் 2017இலும், மைக்ரோசாப்ட் 2019இலும் இந்தக் கட்டாயத்தைக் கைவிட்டுவிட்டன. நீளம்தான் பலம். சம்பந்தமில்லாத நாலு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் கோத்தால் போதும். வெளியே தெரிந்துவிட்டால் உடனே மாற்ற வேண்டும். ஆள் விலகினால் அன்றைக்கே கணக்கை மூட வேண்டும்.

பொருளாளர் சம்மதித்தால் இந்த ஞாயிறே உட்காரலாம். அந்தச் சீட்டை அவர் கையாலேயே கிழிக்கட்டும்.