கேட்காமலே புதுப்பிக்கப்படும் கார்க் காப்புறுதி

கணக்காளர் என்றபடியால் என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி இது: "அண்ணை, பழைய கொம்பனி இந்த வருடமும் காசை எடுத்துப்போட்டுது. வங்கியில் நிறுத்தினால் போதும்தானே?"

போதாது. டைரக்ட் டெபிட்டை நிறுத்தினால் பணம் போவதுதான் நிற்கும், ஒப்பந்தம் நிற்காது. பாக்கி கேட்பார்கள், காப்புறுதியையும் ரத்துச் செய்யலாம். காப்புறுதியின்றி ஓடிப் பிடிபட்டால் 300 பவுண் தண்டம், 6 புள்ளிகள். 2011 முதல், வீட்டு வாசலில் சும்மா நிற்கும் காருக்கும், ஓடவில்லை என்று டிவிஎல்ஏக்கு அறிவிக்காவிட்டால், காப்புறுதி வேண்டும்.

ஆகவே, புதுப்பித்தல் கடிதம் வந்ததும் பிரித்துப் பாருங்கள். சென்ற வருடக் கட்டணமும் அதில் இருக்கவேண்டும். 2022 ஜனவரி முதல், புதிதாக வருபவரிடம் கேட்கும் விலையைவிட உங்களிடம் அதே கொம்பனி கூடக் கேட்கமுடியாது. தானாகப் புதுப்பிப்பதை நிறுத்த எளிய வழியும் தரவேண்டும். வேண்டாமென்றால் எழுத்தில் அறிவியுங்கள். பழையது முடியும் நேரத்திலேயே புதியது தொடங்கட்டும்.

புதுப்பித்துவிட்டார்களா? 14 நாட்களுக்குள் ரத்துச் செய்யலாம். கழிந்த நாட்களுக்கான தொகையையும் சிறு கட்டணத்தையும் பிடிக்கக்கூடும். முறைப்பாட்டுக்கு 8 வாரத்தில் பதிலில்லையென்றால் நிதி ஒம்பட்ஸ்மனிடம் போங்கள்; அதற்குச் செலவில்லை.