எங்க வலிக்கு மக்களே?



ஆசிரியர் தினத்தில் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேச வந்தவன் நான். ஆனால் நெய்யூரில் நின்றுகொண்டு இந்த ஊர் மிஷன் ஆஸ்பத்திரியைச் சொல்லாமல் ஒருவன் பேச்சைத் தொடங்க முடியுமா?

1828இல் மீட் ஐயர் நாகர்கோவிலிலிருந்து இங்கே வந்து மிஷன் பணியைத் தொடங்கினார். பத்து ஆண்டுகள் கழித்து, 1838இல், ராம்சே என்ற மருத்துவர் இங்கே வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். 1861இல் வந்த டாக்டர் லோ, நம் ஊர்ப் பக்கத்து இளைஞர்களையே உட்காரவைத்து மருத்துவம் கற்றுக்கொடுத்தார். கற்றவர்கள் கிராமத்துக் கிளை மருந்தகங்களுக்குப் போனார்கள். நோய் தீர்த்த இடத்திலேயே ஒரு வகுப்பறையும் இருந்தது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

1922இல் எவரெஸ்ட் ஏறப் போன குழுவில் ஒருவர் டாக்டர் சாமர்வெல். மலையிலிருந்து இறங்கியவர் தெற்கே வந்து நெய்யூரைப் பார்த்தார். வாசலில் காத்துக்கிடந்த கூட்டத்தையும், அத்தனை பேருக்கும் அறுவை செய்ய ஒரே ஒரு மருத்துவர் நின்றதையும் பார்த்தார். லண்டனில் கிடைக்கவிருந்த வாழ்க்கையை விட்டுவிட்டு இங்கே பணிக்கு வந்துவிட்டார். 1924இல் மறுபடியும் எவரெஸ்டுக்குப் போய், ஆக்சிஜன் உருளை இல்லாமல் ஏறத்தாழ 28,000 அடி வரை ஏறியவர், திரும்பி வந்தது இந்த ஊருக்குத்தான். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இங்கே உழைத்தார்.

நான் கேட்கிறேன். அந்த வாசலில் வந்து நின்ற எவரையாவது, “ஏன் நோயோடு வந்தாய்?” என்று திட்டியிருப்பார்களா? “பக்கத்து வீட்டுக்காரன் நன்றாகத்தானே இருக்கிறான், உனக்கு மட்டும் என்ன கேடு?” என்று கேட்டிருப்பார்களா? மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி, “எங்கே வலிக்கிறது?” என்பதுதான். பிள்ளையை ‘மக்களே’ என்று கூப்பிடும் நம் ஊர்ப் பேச்சில், “எங்க வலிக்கு மக்களே?”

பள்ளிக்கூடத்தில் நாம் என்ன கேட்கிறோம்? “ஏன் மார்க் குறைஞ்சுது?” அதற்குப் பதில் தெரிந்தால் அந்தப் பிள்ளைக்கு ஏன் மார்க் குறையப்போகிறது?

மதிப்பெண் என்பது காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர். உடம்பு சுடுகிறது என்று அது சொல்லும். ஏன் சுடுகிறது என்று சொல்லாது. தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டு நோயாளியை அடிக்கும் வைத்தியன் உண்டா? ரேங்க் கார்டைப் பார்த்துவிட்டு அடிக்கும் வீடுகள் உண்டு. நாம் எல்லோரும் அறிவோம்.

நானும் தவறு செய்திருக்கிறேன். பணிக்கு வந்த புதிதில் ஒரு மாணவியின் ரேங்க் கார்டில் “கவனம் போதாது” என்று மூன்று தேர்வுக்கும் எழுதினேன். நான்காம் முறை எழுதப் பேனாவை எடுத்தபோதுதான், கரும்பலகையில் இருப்பதைப் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்தே அவள் எழுதுவது கண்ணில் பட்டது. தூரத்தில் இருப்பது அவளுக்குத் தெரியவில்லை. ஒரு கண்ணாடி போட்டதும் எழுத்து தெரிந்தது. எழுத்து தெரிந்ததும் பாடம் தெரிந்தது. கவனம் போதாமல் இருந்தது எனக்கு.

இன்னொருவன், பத்தாம் வகுப்பு. கணக்கில் ஒற்றை இலக்க மதிப்பெண். அரையும் காலும் கூட்டினால் எவ்வளவு என்று நோட்டில் எழுதச் சொன்னால் விழிப்பான். அவன் அப்பா கொத்தனார். ஞாயிற்றுக்கிழமை அவனும் கையாளாகப் போவான். ஒருநாள் கேட்டேன்: “மக்களே, நாலு நூலும் ரெண்டு நூலும் சேர்ந்தா எவ்வளவு?” உடனே சொன்னான், “ஆறு நூல் சார், முக்கால் இஞ்ச்.” எட்டு நூல் ஒரு இஞ்ச் என்று டேப் பிடித்த கைக்குப் பின்னம் தெரிந்திருக்கிறது. நோட்டில் அதைத்தான் கேட்கிறார்கள் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. நான்காம் வகுப்பில் விட்டுப்போன ஒரு படி, ஆறு வருஷம் அவனைத் தடுக்கிவிட்டுக்கொண்டே இருந்தது. மாலையில் மூன்று வாரம் அந்த ஒரு படியைக் கட்டினோம். மற்றப் படிகளை அவனே ஏறினான்.

மற்றொருவன் முதல் பீரியடில் தூங்குவான். சோம்பேறி என்று பெயர். விசாரித்தால், விடியுமுன்னே அப்பாவோடு ரப்பர் பால் வெட்டப் போகிறவன். அவன் சோம்பேறி என்றால், உழைப்பாளி என்று யாரைச் சொல்வது?

திருவள்ளுவர் மருந்து அதிகாரத்தில் நோயையும் அதன் காரணத்தையும் தேடிவிட்டு மருந்து கொடுக்கச் சொன்னார். நம் மாநில அரசாங்கமே அப்படி ஒருமுறை செய்தது. பிள்ளைகள் ஏன் பள்ளிக்கு வரவில்லை என்று பார்த்தார் காமராசர், பின்னாளில் நம் நாகர்கோவில் தொகுதியின் எம்.பி.யாக இருந்தவர். பசி என்று கண்டார். நம் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்த அதே 1956இல் மதிய உணவு வந்தது. 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். 2022இல் காலை உணவும் வந்தது. வராத பிள்ளையைத் திட்டியிருந்தால் வகுப்பறை நிறைந்திருக்குமா?

2011 கணக்கெடுப்பில் நம் மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 விழுக்காடு, தமிழ்நாட்டிலேயே முதலிடம். அப்போது மாநிலச் சராசரி 80.09. சரக்கல்விளையில் தமிழ்வழியில் படித்த சிவனும், மேலக்காட்டுவிளையில் பிறந்த நாராயணனும் இஸ்ரோவின் தலைமைக்கு உயர்ந்தார்கள். நெஞ்சு நிமிர்த்திச் சொல்வோம். ஆனால் அந்த உயரத்துக்குப் போகாத ஆயிரம் பேரும் நம் பிள்ளைகள்தாம். நல்ல கொத்தனாராக, நர்ஸாக, கடலோடியாக, ஏமாறாமல் கணக்குப் பார்க்கத் தெரிந்தவனாக, தன் பிள்ளைக்குப் பாடம் சொல்லித்தரத் தெரிந்தவளாக ஒருவர் நிமிர்ந்து நின்றால், அதுவும் வெற்றிதான். என் பள்ளிக்கூடம் அந்த வெற்றிக்கும் பொறுப்பு.

பெற்றோர்களே, இன்று ராத்திரி சோறு போடும்போது “எத்தனை மார்க்?” என்று கேட்காதீர்கள். “இன்னைக்கு எது புரியல?” என்று கேளுங்கள். பதில் வரும்வரை பொறுத்திருங்கள்.

என் மக்களே, “புரியலை சார்” என்று கையைத் தூக்குங்கள். அது குறையில்லை. வலிக்கிற இடத்தை மருத்துவரிடம் காட்டுவது போன்றது அது.

சக ஆசிரியர்களே, ஒவ்வொரு வகுப்பிலும் நாம் பெயர் சொல்லிக் கூப்பிடாத பிள்ளை ஒன்று இருக்கிறது. நாளைக் காலை அந்தப் பிள்ளையின் பக்கத்தில் போய் உட்காருங்கள். நெய்யூர் ஆஸ்பத்திரி வாசலில் கேட்ட அந்தக் கேள்வியைக் கேளுங்கள்: “எங்க வலிக்கு மக்களே?”