அருகே அழைக்கப்பட்டவர்

கொழும்பு மாநகரிலே வழக்கு என்றாற் புதுக்கடை. புதுக்கடை என்றால் வழக்கு. 1656ஆம் ஆண்டு, போர்த்துக்கேயர் வசமிருந்த கொழும்பை முற்றுகையிட்டு நின்றபோது உயிர்நீத்த ஒல்லாந்தத் தளபதி ஹல்ஃப்ட் என்பாரின் பெயரால் ஆங்கிலத்தில் ஹல்ஸ்டோர்ப் எனப்படும் இவ்விடத்தைத் தமிழர் புதுக்கடை என்பர். சிங்கள மக்கள் அதே பொருளில் அளுத்கடே என்பர்.

கையிலே ஓர் அழைப்பாணையும் நெஞ்சிலே அச்சமுமாக இங்கு வந்து சேரும் எளியவன் முதலிலே தேடுவது யாரை? அந்நாளில் அவன் தேடியவர் அப்புக்காத்து. வழக்கை ஆயத்தம் செய்பவர் பிறக்கிராசி என்றும், மன்றில் எழுந்து வாதாடுபவர் அப்புக்காத்து என்றும் இலங்கையில் இரு பிரிவினர் இருந்தனர். 1974ஆம் ஆண்டுடன் அப்பிரிவு நீங்கி, அனைவரும் சட்டத்தரணிகள் ஆயினர். ஆயினும் அப்புக்காத்து என்னும் சொல் முதியோர் நாவில் நெடுங்காலம் நிலைத்து நின்றது.

ஐரோப்பியர் ஆட்சியோடு கரையேறிய அச்சொல்லின் மூலம் அத்வொக்காத்துஸ் என்னும் இலத்தீன் சொல்லாகும். அதனைப் பிரித்தால், 'அருகே அழைக்கப்பட்டவன்' என்பதே பொருள். இதே அமைப்பும் இதே பொருளும் உடைய கிரேக்கச் சொல் ஒன்று உண்டு. அதுவே பராக்கிளேத்தொஸ். 'பரா' என்றால் அருகில். 'கிளேத்தொஸ்' என்றால் அழைக்கப்பட்டவன். விவிலியத்தின் புதிய ஏற்பாட்டிலே ஐந்தே இடங்களில் வரும் இச்சொல், மொழிபெயர்ப்பாளரை நெடுங்காலமாகத் தயங்க வைத்த சொல்லாகும்.

பண்டைய ஏதென்சு நகரிலே வழக்காளி தன் வழக்கைத் தானே எடுத்துரைத்தல் வேண்டும் என்பது முறை. அவனுக்கு உரை எழுதிக் கொடுத்துக் கூலி பெறுவோர் இருந்தனர். எனினும் மன்றிலே அவன் தனித்து நில்லாதபடி, மதிப்புடைய நண்பர்கள் அருகே வந்து நிற்பதுண்டு. அவ்வாறு வந்தோரையே பராக்கிளேத்தொஸ் என்னும் சொல் குறித்தது. தெமொஸ்தெனேஸ் என்னும் நாவலர் கி.மு. 343இல் நிகழ்த்திய உரையொன்றில், எதிரிக்காகப் பரிந்து வந்து நடுவரை நெருக்குவோரை இச்சொல்லாற் சுட்டுகின்றார். ஆகவே, சட்டம் கற்றவன் என்பது இச்சொல்லின் முதற்பொருள் அன்று; கூப்பிட்ட குரலுக்கு வந்து பக்கத்தில் நிற்பவன் என்பதே முதற்பொருள்.

யூதரும் இச்சொல்லை விரும்பி ஏற்றனர். நற்செயல் புரிந்தவன் தனக்காகப் பேசும் ஒரு பெறக்லீத்தைத் தேடிக்கொள்கிறான் என்றும், தீச்செயல் புரிந்தவன் தன்மேற் குற்றஞ்சாட்டும் ஒருவனைத் தேடிக்கொள்கிறான் என்றும் அவர்தம் பழைய அறநூல் கருதுகின்றது. பெறக்லீத் என்பது இக்கிரேக்கச் சொல்லின் எபிரேய உருவமேயாம். இன்றைய எபிரேய மொழியிலும் அது வழக்கறிஞரைக் குறிக்கின்றது.

இனி விவிலியத்துக்கு வருவோம். இச்சொல் வரும் ஐந்து இடங்களுள் நான்கு யோவான் நற்செய்தியில் உள்ளன. அவை யாவும் இயேசு தம் சீடரிடம் விடைபெறும் இரவில் உரைத்தவை. அங்கே தூய ஆவியானவர் இச்சொல்லாற் குறிக்கப்படுகின்றார். ஐந்தாவது இடம் யோவானின் முதலாம் நிருபம். அங்கே இச்சொல்லுக்கு உரியவர் இயேசுவே.

புதுக்கடைக்கு அண்மையிலே, குன்றின்மேல், 1757இல் நிறைவுற்ற வுல்வெண்டால் தேவாலயம் நிற்கின்றது. அத்தேவாலயம் எழுந்த அதே காலத்தில், கொழும்பிற் பிறந்த பிலிப்பு தெ மெல்லோ என்னும் தமிழறிஞரின் உழைப்பால் உருவான புதிய ஏற்பாடு, 1759இல் இந்நகரிலேயே அச்சேறிற்று. தரங்கம்பாடியில் சீகன்பால்கு தொடங்கிய பணியின் தொடர்ச்சி அது. 1871இல் நிறைவெய்திய ஐக்கியத் திருப்புதலின் வழிவந்த வேதாகமமே இன்றும் பல சபைகளில் வாசிக்கப்படுகின்றது.

அவ்வேதாகமத்தில், நற்செய்தியின் நான்கு இடங்களிலும் 'தேற்றரவாளன்' என்றும், நிருபத்தில் 'பரிந்து பேசுகிறவர்' என்றும் காண்கின்றோம். 1995இல் வெளிவந்த திருவிவிலியத்திலும் 'துணையாளர்', 'பரிந்து பேசுபவர்' என இரு சொற்களே உள. முன்னர் இலத்தீன் விவிலியத்திலும் நற்செய்தியிற் கிரேக்கச் சொல்லையே வைத்து, நிருபத்தில் அத்வொக்காத்துஸ் என்றனர்.

இதனால் நேர்ந்த இழப்பு யாது? நற்செய்தியில் இயேசு வாக்களிப்பது 'வேறொரு' பராக்கிளேத்தொஸை. வேறொருவர் என்றால் முதலாமவர் யார் என்று கேட்பது இயல்பன்றோ? இயேசுவே முதலாமவர் என்னும் விடையை அந்த நிருபம் தருகின்றது. கிரேக்கத்தில் வாசிப்பவன் ஒரே சொல்லை இரண்டிடத்தும் கண்டு இதனை உணர்ந்துகொள்வான். தமிழில் வாசிப்பவனுக்கோ வினா ஒரு சொல்லிலும் விடை மற்றொரு சொல்லிலும் கிடக்கின்றன. மேலும், அவ்வாவியானவர் சாட்சி பகர்வார், உலகைக் கண்டித்து உணர்த்துவார் என்னும் கூற்றுகள் அப்பகுதியில் வருகின்றன. அவை மன்றத்தின் மொழி. ஆறுதல் என்னும் பொருளில் அவை அடங்கா.

அதுபற்றித் தேற்றரவாளன் என்னும் சொல்லைப் பிழையென ஒதுக்கலாமோ? ஒதுக்கலாகாது. கலங்கிய நீரிலே தேற்றாங்கொட்டையை உரைத்தால் மண் அடியிற் படிய, நீர் தெளிகின்றது. தேற்றுதல் என்னும் வினைக்கு ஆறுதல் கூறுதலோடு, தெளிவித்தலும் வலிவூட்டலும் பொருளாம். அன்றிரவு சீடர் உள்ளங் கலங்கியிருந்தனர். அவர்களைத் திக்கற்றவராக விடுவதில்லை என்பதே அவர்கள் கேட்ட வாக்கு. அந்தக் கலக்கத்துக்கு ஏற்ற சொல்லையே பழைய மொழிபெயர்ப்பாளர் தெரிந்தனர். பரிந்து பேசுதல் என்பதும் நல்ல தமிழே. பரிவு இல்லாத பேச்சு வெறும் வாதம் அன்றோ?

ஒரு மொழி ஒரே சொல்லில் அடக்கியதை மற்றொரு மொழி இரண்டாகப் பிரித்தே சொல்ல நேரலாம். அவ்விரண்டையும் சேர்த்துப் படிப்பதே வாசிப்பவன் செய்யத்தக்கது. சேர்த்துப் படிப்பதற்குப் புதுக்கடையே நல்ல உரைநூல். தன் பெயர் கூப்பிடப்பட்டதும் கூண்டில் ஏறும் எளியவன், நீதிபதியை நோக்குமுன் ஒரு கணம் பின்னே திரும்பிப் பார்க்கின்றான். தன் சட்டத்தரணி வந்துவிட்டாரா என்பதே அப்பார்வையின் வினா. அவர் எழுந்து நின்றதும், ஒரு சொல்லும் பேசுமுன்னரே, அவன் முகம் தெளிகின்றது. வாதம் பின்னர் வரும். தேற்றரவு அப்பொழுதே வந்துவிட்டது. பராக்கிளேத்தொஸ் என்பதன் பொருள் அந்த ஒரு கணத்தில் முழுமையாக விளங்கும்.