சலுகையினும் சட்டமே பெரிது



முசரவாக்கத்தில் இன்று கூடியுள்ள நமக்குத் தறியே ஜீவனம். அதனைக் காக்கச் சர்க்கார் யாதொன்றும் செய்யவில்லையென்று நாம் கூறோம். 1985-ஆம் வருஷத்துச் சட்டம் 22 ரகங்களைக் கைத்தறிக்கே ஒதுக்கிற்று. 1996-இல் அவை 11 ஆகக் குறைந்தபோதிலும் சேலை நிலைத்து நின்றது. காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. கைத்தறியாளருக்கு இரு மாதத்திற்கு 200 யூனிட்டாயிருந்த இலவச மின்சாரத்தைத் தமிழக அரசு 2023-இல் 300 யூனிட்டாக உயர்த்திற்று.

எனினும், விசைத்தறிச் சேலை கைத்தறியென்னும் பெயரால் கடையேறுமாயின் நமது கூலி தாழும். நம் மக்கள் தறிக்குழியில் இறங்க மறுப்பர். மின்சாரம் விளக்கெரிக்கும், உலை கொதிக்கக் கூலியன்றோ வேண்டும்? ஆதலின், சட்டத்தை வழுவாது அமல் நடத்தும்படி சர்க்காரை முதற்கண் வேண்டுவோம். போலிச் சேலையைக் கண்டவிடத்து, கூட்டுறவுச் சங்கங்களின் வாயிலாக எழுத்துமூலம் முறையிடுவோமாக.