எண்ணும் கோடும்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றியது நம் மரபு. ஆண்டு விழா மேடைகளில் எழுத்தைப் பற்றி நிரம்பப் பேசுகின்றோம். மற்றொரு கண்ணாகிய எண்ணைப் பற்றிப் பேசுவதோ அரிது. அக்குறையைச் சிறிது போக்கவே யாம் இன்று முன்வந்தோம். குவிந்து கிடக்கும் எண்களைக் குழு குழுவாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவும் காலப்போக்கில் ஏறியதா, இறங்கியதா என்பதைக் கணிப்பொறியின் துணையால் கோடுகளாக வரைந்து காண்பதே எமது பொருள். "இது கல்லூரிப் பாடமன்றோ! காலனி விழாவிற்கு எதற்கு?" என்று சிலர் எண்ணலாம். ஒரு கோட்டைத் தவறாகப் படித்து எம் குடியிருப்பின் வாயிற்கதவை அடைத்தோம். ஆதலின் இது நம் வீட்டுப் பாடமே ஆகும்.

2020 ஜூன் மாதம். ஊரடங்கு சிறிது தளர்ந்தது. மாதுங்காவில் யாம் வாழும் கட்டடத்தில், வீட்டு வேலைக்கு வருவோரை உள்ளே விடலாமா என்று ஒரு கூட்டம் கூடிற்று. ஒருவர் தம் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். தாராவியில் கோவிட் தொற்றியோரின் மொத்தத் தொகை அதில் மலைபோல் ஏறிச் சென்றது. "பாருங்கள், இன்னும் ஏறிக்கொண்டே இருக்கிறது" என்றார். தாராவியிலிருந்து வருவோர்க்கு மட்டும் தடை என்று முடிவாயிற்று. எம் இல்லத்தில் பதினோராண்டு உழைத்த தமிழ்ப் பெண்மணி ஒருவர் அத்தடையால் வேலை இழந்தார். அம்முடிவிற்கு யாமும் கை உயர்த்தினோம். அதனை மறைப்பதில் பயனில்லை.

அந்தப் படத்தில் பொய் இல்லை. அதைப் படித்த முறையில்தான் பிழை இருந்தது. முதல் நாள் தொட்டுக் கூட்டிக்கொண்டே வரும் தொகை ஒருபோதும் இறங்காது. நோய் முற்றும் நின்றாலும் அக்கோடு தரைக்கு வாராது. கிடையாக நீளும், அவ்வளவே. காண வேண்டியது நாள்தோறும் புதிதாகச் சேர்ந்தோரின் எண்ணிக்கை. மைய அரசின் சுகாதார அமைச்சகம் அந்த ஜூன் மாதத்திலேயே ஒரு கணக்கை வெளியிட்டது. தாராவியில் ஏப்ரலில் 12 விழுக்காடாக இருந்த தொற்றின் வளர்ச்சி வீதம் மே மாதத்தில் 4.3 ஆகி, ஜூனில் 1.02 ஆகத் தாழ்ந்திருந்தது. நோய் தளர்ந்துகொண்டிருந்த வேளையில் யாம் கதவை அடைத்தோம்!

எண்களைப் பிரித்துப் பார்ப்பதன் பயனுக்கு நம் சங்கத்திற்கேற்ற எடுத்துக்காட்டு ஒன்று கூறுவோம். ஒரு மாலை வகுப்பில் சென்ற ஆண்டு 40 பிள்ளைகள் என்று கொள்ளுங்கள். புதியவர் 10 பேர்; சராசரி மதிப்பெண் 40. பழையவர் 30 பேர், சராசரி 70. மொத்தச் சராசரி 62.5. இவ்வாண்டும் 40 பிள்ளைகளே. ஆனால் புதியவர் 30 பேர்; சராசரி 45. பழையவர் 10 பேர், சராசரி 75. மொத்தச் சராசரி 52.5. மொத்தத்தை மட்டும் பார்க்கும் செயற்குழு, "பத்து மதிப்பெண் குறைந்துவிட்டது, ஆசிரியரை மாற்றுவோம்" என்னும். உண்மையிலோ புதியவரும் ஐந்து மதிப்பெண் உயர்ந்தனர். பழையவரும் ஐந்து உயர்ந்தனர். புதிய பிள்ளைகள் மிகுதியாக வந்து சேர்ந்ததே மொத்தம் தாழ்ந்ததற்குக் காரணம். பாராட்டுக்குரிய ஆசிரியர் பழி சுமப்பார்!

நம் நகரத்தின் ஒரு கோடு உலகப் புகழ் பெற்றது. 1905 டிசம்பர் முதல் 1906 ஜூலை வரை பம்பாய்த் தீவில் பிளேக் நோயால் வாரந்தோறும் மாண்டோரின் கணக்கைக் கெர்மாக், மெக்கென்ட்ரிக் என்னும் இருவர் 1927-இல் தம் ஆய்வுக் கட்டுரையில் படமாக வரைந்தனர். ஏறி, உச்சியுற்று, இறங்கும் அவ்வளைவு இன்றும் பாடநூல்களில் இடம்பெறுகின்றது. எனினும் அது தீவு முழுமைக்கும் ஒரே கோடு. எந்தப் பேட்டையில், எத்தகைய வீட்டில் வாழ்ந்தோர் மாண்டனர் என்பதை அக்கோடு சொல்லாது.

இன்று பல கோடுகளை வரைவது எளிது. நியூசிலாந்தின் ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் என்னும் இருவர் 1990-களில் 'ஆர்' என்னும் நிரல்மொழியை உருவாக்கினர். எவரும் விலையின்றிப் பெறலாம். அதில் செய்யும் முறை இது. முதலில் மூன்று பத்திகள் கொண்ட அட்டவணை எழுதுக: நாள், பகுதி, எண்ணிக்கை. நாளைக் கிடைக்கோட்டிலும் எண்ணிக்கையைச் செங்குத்துக் கோட்டிலும் வைக்குமாறு பணித்து, பகுதியே குழு என்று அறிவித்திடுக. பகுதிக்கொரு கோடு, கோட்டிற்கொரு நிறம் தோன்றும். குழு எது என்று கூற மறந்தால், கணிப்பொறி எல்லாப் புள்ளிகளையும் ஒரே கோடாகப் பிணைத்து இரம்பத்தின் பற்கள் போல் வரைந்துவிடும். அப்படத்தைக் கண்டால் நோயைப் பற்றி ஒன்றும் எண்ணாதீர்; நிரலைத் திருத்துங்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சோதனை குறைவதுண்டு. அதனால் கோடு துள்ளும். ஏழு நாட் சராசரி எடுத்தால் துள்ளல் அடங்கும். அச்சராசரியையும் குழுவிற்குள்ளேயே எடுத்தல் வேண்டும். இன்றேல் ஒரு பகுதியின் கடைசி நாட்கள் அடுத்த பகுதியின் முதல் நாட்களோடு கலந்துவிடும். குழுக்கள் பலவாயின் ஒவ்வொன்றையும் தனிக் கட்டத்தில் வரைந்து, எல்லாக் கட்டங்கட்கும் ஒரே அளவுகோல் வைத்தல் நன்று. அளவுகோல் மாறினால் மடுவும் மலையாகத் தோன்றும்.

இம்முறையில் மாநகராட்சியின் ஜி வடக்கு வார்டை நோக்குவோம். தாராவி, தாதர், மாஹிம் மூன்றும் அவ்வார்டில் அடங்கும். மூன்றின் கணக்கும் நாள்தோறும் தனித்தனியே வெளிவந்தது. தாராவியில் முதல் நோயாளி அறியப்பட்டது 2020 ஏப்ரல் 1-இல். மே மாதத்தில் தாராவிக் கோடு ஓங்கி நின்றது. பின்னர் அது தாழ, தாதர், மாஹிம் கோடுகள் அதனைக் கடந்து மேலேறின. ஆண்டு முடிவில் மொத்தக் கணக்கிலும் அவ்விரு பகுதிகளும் தாராவியை முந்தின. வீடு வீடாகச் சென்று காய்ச்சல் கண்டோரைத் தேடியவர்களின் உழைப்பு அக்கோட்டிற்குள் இருக்கின்றது. 2020 ஜூலை 10-இல் உலக சுகாதார நிறுவனத்தின் தலைவரே தாராவியைப் பெயர் சுட்டிப் பாராட்டினார்.

இன்னொரு செய்தியும் உண்டு. நோயாளிகளின் கணக்கு, சோதிக்கப்பட்டோரின் கணக்கே. சோதனைக்கு வாராதவரை எவ்வாறு அறிவது? 2020 ஜூலையில் நிதி ஆயோக், மும்பை மாநகராட்சி, டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் முதலியன சேர்ந்து, மாதுங்காவை உள்ளடக்கிய எஃப் வடக்கு, செம்பூரை உள்ளடக்கிய எம் மேற்கு, தஹிசரை உள்ளடக்கிய ஆர் வடக்கு ஆகிய மூன்று வார்டுகளில் 6,936 பேரின் இரத்தத்தைச் சோதித்தன. குடிசைப் பகுதிகளில் 57 விழுக்காட்டினர்க்கும் ஏனைய பகுதிகளில் 16 விழுக்காட்டினர்க்கும் முன்பே தொற்று வந்து போனமைக்கு அடையாளம் இருந்தது. எல்லோரையும் ஒன்றாகக் கூட்டினால் ஏறக்குறைய 41 வரும். அந்த 41 எவருடைய வாழ்க்கை? குடிசையில் வாழ்வோர்க்கும் அது பொருந்தாது. அடுக்ககத்தில் வாழ்வோர்க்கும் பொருந்தாது. ஒரே வார்டில், ஒரே தெருவின் இரு புறத்தில், இரு நகரங்கள் இருந்தன என்பதைப் பிரித்த எண்களே காட்டின.

அன்பர்களே! 57-க்கும் 16-க்கும் இடைப்பட்ட வேறுபாடு மக்களின் குணத்தால் வந்ததன்று. ஓர் அறையில் எட்டுப் பேர் உறங்குவதும், பொதுக் கழிப்பிடத்திலும் பொதுக் குழாயிலும் பலர் வரிசையில் நிற்பதும் தொற்றுக்கு வழி திறந்தன. ஆகவே குழுவாகப் பிரித்த படம், "இவர்களை விலக்குங்கள்" என்று கூறவில்லை. "இங்கே தண்ணீரும் இடமும் தாருங்கள்" என்றே கூறுகின்றது. பிரித்துப் பார்த்தல் வேறு. பிரித்து வைத்தல் வேறு. முன்னது அறிவு, பின்னது அநீதி. எம் கட்டடத்தில் யாம் முன்னதைச் செய்யாமல் பின்னதைச் செய்தோம். அப்பெண்மணி பின்னர் வேலைக்குத் திரும்பினார். யாம் மன்னிப்புக் கேட்டபோது, "உங்க பயம் உங்களுக்கு, ஐயா. எங்க வயிறு எங்களுக்கு" என்றார். அதற்கு எம்மிடம் மறுமொழி இல்லை.

இளந்தோழர்களே! நம் சங்க நூலகப் பதிவேடும், மாலை வகுப்பு வருகைப் பதிவேடும் உங்கள் கைக்கு எட்டும் தூரத்திலேயே உள்ளன. தாராவிப் பிள்ளைகள், மாதுங்காப் பிள்ளைகள், செம்பூர்ப் பிள்ளைகள் என்றும், ஆண், பெண் என்றும் பிரித்துக் கோடுகள் வரையுங்கள். எக்கோடு தாழ்கின்றதோ, அக்கோட்டிற்குரிய வீட்டின் கதவைத் தட்டுங்கள். வழி தொலைவா, பெண் குழந்தைக்கு வீட்டுச் சுமையா, பாடம் கடினமா என்று கேளுங்கள். கோடு வரைவதோடு பணி முடிந்துவிடாது. எவ்வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும் என்பதை அது காட்டும்.

அடுத்த ஆண்டு மலரில் அப்படங்களைக் காண விழைகின்றோம். 

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!