நாராயண்காவ் தக்காளியும் உரக் கணக்கும்

புணே மாவட்டத்தின் ஜுன்னர் வட்டத்தில், குக்கடித் திட்டத்தின் கால்வாய் நீரையும் கிணற்று நீரையும் நம்பித் தக்காளி பயிரிடும் சிறு உழவர்கள், 20 கிலோ கொள்ளும் கிரேட்டுகளில் விளைச்சலை நாராயண்காவ் சந்தைக்குக் கொண்டுவருகின்றனர். 2023 ஜூலையில் அங்கு ஒரு கிரேட் 2,000 ரூபாயைத் தாண்டியது. செப்டம்பரில் விலை பறிப்புக்கூலிக்கும் போதாமல் சரிந்தது.

உரத்தின் இலாபத்தைக் கணக்கிடுவதிலுள்ள சிக்கல் இதுவே. கடைசியாக இடப்படும் ஒரு கிலோ உரத்தால் கூடுதலாக விளையும் காய்களின் மதிப்பு, அதாவது இறுதிநிலை வருவாய், அந்த உரத்தின் விலையைவிட மிகுந்திருக்கும்வரையே உரமிடுதல் ஆதாயமாகும். ஆனால் அடியுரம் நடவின்போதே இடப்பட, முதல் பறிப்பு ஏறத்தாழ இரண்டு மாதம் கழித்தே வருவதால், அம்மதிப்பை எவரும் முன்கூட்டி அறிய முடிவதில்லை.

முன்கூட்டித் தெரிவது உரத்தின் விலை ஒன்றே. 45 கிலோ யூரியா மூட்டை மானியத்தால் ஏறத்தாழ 267 ரூபாய்க்குக் கிடைப்பதால், 46 விழுக்காடு நைட்ரஜன், அதாவது தழைச்சத்து, கொண்ட அவ்வுரத்தை அளவுக்கு மீறி இடும் போக்கு வியப்புக்குரியதன்று. எனினும் மிகையான தழைச்சத்து இலையைப் பெருக்கிப் பூப்பதைத் தாமதப்படுத்துவதோடு, கால்சியம் காயை எட்டாதபோது தோன்றும் நுனியழுகலுக்கும் துணைபோகிறது.

சொட்டுநீர்க் குழாய்வழியே கரையும் உரத்தைச் சிறுகச் சிறுகச் செலுத்தும் உரப்பாசனத்தில் மூட்டைவிலை பன்மடங்கு கூடினாலும், சந்தை நிலவரம் ஓரளவு புலப்படும்வரை செலவின் ஒரு பகுதியைத் தள்ளிவைக்க இயலுகிறது.