பெர்மிட் தேதியையும் பாருங்கள்
(வெளிநாடு வாழ்வோர் குடும்பங்களின் கூட்டத்தில் செயலாளர் பேசியது)

சிங்கப்பூரில் பிள்ளைகள் இருக்கும் பெற்றோர் பலர் வந்திருக்கிறீர்கள்.

சென்ற ஆண்டு ஒரு தம்பி, அத்தாவின் வைத்தியத்துக்காக திண்டுக்கல் வந்தார். மாதங்கள் ஓடின. அத்தா மவுத்தான பிறகே கவனித்தார்: ரீ-என்ட்ரி பெர்மிட் முடிய நாலே நாள். அடக்கம் செய்த மூன்றாம் நாள், இத்தாவில் இருந்த அம்மாவை விட்டுவிட்டு ஓட வேண்டியதாயிற்று.

நிரந்தரவாசம் கிடைத்தால் ஆயுளுக்கும் போதும் என்று நினைக்கிறோம். அதைக் காப்பது அந்தப் பெர்மிட்தான். பெரும்பாலும் 5 ஆண்டுக்குத் தருகிறார்கள். அது முடிந்தபின் வெளிநாட்டில் இருந்தால் நிரந்தரவாசமே பறிபோகலாம். முடிவதற்கு 3 மாதம் முன்பே ஆன்லைனில் புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம்.

21 வயதாகி, 2 ஆண்டு நிரந்தரவாசியாக இருந்தவர் அங்கே குடியுரிமை கேட்கலாம். ஆனால் நம் 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டப்படி, பிற நாட்டுக் குடியுரிமையை விரும்பி ஏற்றால் இந்தியக் குடியுரிமை போய்விடும். இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும். பிறகு ஓ.சி.ஐ. அட்டை பெற்றால் விசா இல்லாமல் வந்துபோகலாம். ஓட்டுரிமை இல்லை; விவசாய நிலம் வாங்க முடியாது. வாரிசாக வரும் நிலத்துக்குத் தடையில்லை.

எனவே விண்ணப்பிக்கும் முன் குடும்பத்தோடு மஷூரா செய்யுங்கள். ஊர் வரும் பிள்ளையிடம், "சாப்பிட்டாயா?" என்று கேட்டதும், "பெர்மிட் எந்தத் தேதி வரை?" என்றும் கேளுங்கள்.

அல்லாஹ் நம் பிள்ளைகளின் பயணங்களை லேசாக்குவானாக, ஆமீன். வஸ்ஸலாம்.